அத்தியாயம் 6: வி-பெல்ட் பராமரிப்பு – அரிசி ஆலை ஹல்லரை முன்வைத்து

மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஹல்லரிலும் குறையில்லை, ஆனால் அரைப்பு குறைந்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில் ஓடும் பெல்ட்டை. பல ஆலைகளில் பெல்ட் அறுந்தால் புதியதை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. சில மாதங்களில் அதுவும் அறுந்துபோகும். அப்போது பெல்ட் செய்த கம்பெனியைத் திட்டுவோம். பெல்ட் தன்னால் கெடுவது குறைவு. டென்ஷன், அலைன்மென்ட், புல்லியின் காடி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அந்த மூன்றையும் சோதிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

எடுத்துக்காட்டுக்காக ஓர் இயந்திரத்தை வைத்துக்கொள்வோம். 15 எச்.பி. (11 கிலோவாட்) மோட்டார். நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டார் புல்லியின் விட்டம் 150 மி.மீ., ஹல்லர் புல்லியின் விட்டம் 300 மி.மீ. இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையத்துக்கும் இடையே 600 மி.மீ. நான்கு ‘பி’ செக்‌ஷன் பெல்ட்டுகள். மோட்டார் ஸ்லைடு ரெயிலின்மேல் இருக்கிறது. இழுப்பு போல்ட்டைத் திருகினால் முன்னும் பின்னும் நகரும். உங்களிடம் இருப்பது கம்ப்ரஸராகவோ, மாவு மில்லாகவோ, செக்காகவோ இருந்தால் எண்கள் மாறும். முறை இதேதான்.

பெல்ட் எப்படி இழுக்கிறது?

வி-பெல்ட் புல்லியைப் பிடிப்பது இரண்டு பக்கச் சுவர்களால். அடிப்பாகம் காடியின் அடியைத் தொடவே கூடாது. பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது அது ஆப்பாகக் காடிக்குள் இறங்கி இரு பக்கச் சுவர்களையும் நெருக்குகிறது. அதே இழுப்பில் தட்டைப் பெல்ட் பிடிப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இது பிடிப்பது இந்த நெருக்கத்தால்தான்.

பெல்ட்டின் பக்கங்களுக்கு இடையே உள்ள கோணம் 40 டிகிரி. புல்லியின் காடியோ அதைவிடக் குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். ‘பி’ செக்‌ஷனில் 190 மி.மீ. வரையுள்ள புல்லிக்கு 34 டிகிரி, அதற்கு மேல் 38 டிகிரி. சிறிய புல்லியில் பெல்ட் அதிகம் வளைகிறது. வளையும்போது மேல்பாகம் நீண்டு ஒடுங்கும், அடிப்பாகம் சுருங்கிப் பிதுங்கும், கோணம் குறையும். அதற்கு ஏற்பத்தான் காடியும் குறுகல். லேத்தில் கொடுத்து உள்ளூரிலேயே புல்லி கடைபவர்கள் எல்லா அளவுக்கும் ஒரே கோணத்தில் காடி வெட்டிவிட்டால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் அதில் உழைக்காது. கடையக் கொடுக்கும்போதே கோணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

நல்ல காடியில் பெல்ட்டின் மேல்முகம் புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலேயோ நிற்கும். உள்ளே இறங்கி ஓடுகிறது என்றால் காடி தேய்ந்திருக்கிறது, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது செக்‌ஷன் தவறு.

கை வைக்கும் முன்

பெல்ட்டும் புல்லியும் சேரும் இடம் விரலை உள்ளே இழுக்கும் இடம். ஓடும் பெல்ட்டில் துணி வைத்துத் துடைப்பது, கையால் தள்ளி டைட் பார்ப்பது, காலால் மிதித்து நிறுத்துவது எதுவும் கூடாது. வேட்டி நுனி, தோளில் துண்டு, முந்தானை, தொளதொளப்பான சட்டைக் கை, கழுத்துக் கயிறு ஆகியவற்றோடு இயந்திரத்தின் அருகே போகக் கூடாது.

1. ஹல்லரில் உள்ள நெல் முழுவதும் வெளியேறிய பிறகு ஸ்டார்ட்டரை நிறுத்துங்கள்.
2. மெயின் ஸ்விட்சை இறக்குங்கள். ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்சைப் பூட்ட வசதி இருந்தால் பூட்டிச் சாவியை நீங்களே வைத்திருங்கள்.
3. ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்று அட்டை மாட்டுங்கள்.
4. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, மோட்டார் எழவில்லை என்று உறுதி செய்யுங்கள்.
5. புல்லிகள் முற்றிலும் நின்ற பிறகே, பெல்ட்டை மூடியிருக்கும் கார்டைக் கழற்றுங்கள்.

மின்வெட்டில் நின்ற இயந்திரத்தை நின்ற இயந்திரமாகக் கருதாதீர்கள். ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில் வேலை செய்தால் மின்சாரம் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடாது. அடிக்கடி விழுகிறது என்று அந்தக் காயிலைக் கட்டி வைத்திருக்கும் ஆலைகள் உண்டு. அங்கே மின்சாரம் வந்த நொடியே பெல்ட் ஓடத் தொடங்கிவிடும்.

இயக்கம் கடத்தும் பாகங்களுக்கு உறுதியான வேலி வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவில் கட்டாயமாக்கியது. ஓடும் இயந்திரத்தின் அருகே செய்யும் வேலைகளுக்கு 22-ஆவது பிரிவு கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. கார்டு இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஓடும்போதே தெரியும் அறிகுறிகள்

கார்டைக் கழற்றாமல், இரண்டடி தள்ளி நின்று, கண்ணாலும் காதாலும் மூக்காலும் செய்ய வேண்டிய சோதனை இது.

ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கீச்சிட்டு அடங்குவது பெரிய குறையல்ல. நெல் விழுந்து லோடு ஏறும்போதும் கீச்சிட்டுக்கொண்டே இருந்தால் பெல்ட் வழுக்குகிறது. அது டென்ஷன் போதாததால் இருக்கலாம். ஹல்லர் அடைத்துக்கொண்டதாலும் இருக்கலாம். ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டி முள் ஏறியிருந்தால் பெல்ட்டைத் தொட வேண்டாம். ஹல்லரின் அடைப்பை நீக்குங்கள். அடைத்த ஹல்லருக்காகப் பெல்ட்டை டைட் செய்தால் அடுத்து போவது மோட்டாரின் பேரிங்.

தளர்ந்த பக்கத்துப் பெல்ட் லேசாக வளைந்து ஓடுவது இயல்பு. நான்கும் ஒரே அளவு வளைந்து ஓட வேண்டும். ஒன்று மட்டும் துள்ளினால் அது மற்றவற்றைவிட நீண்டுவிட்டது, அல்லது அதன் காடி தேய்ந்துவிட்டது. கார்டின் அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் பெல்ட்டின் பக்கச் சுவர் உராய்ந்து உதிர்கிறது. ரப்பர் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள்.

வழுக்கலை எண்ணாகவும் அளக்கலாம். டாக்கோமீட்டர் இருந்தால், இயந்திரம் நிற்கும்போது இரு ஷாஃப்ட்டிலும் ஒளியைத் திருப்பும் தாளை ஒட்டி, பிறகு இரண்டின் சுற்றையும் லோடில் அளவெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் மோட்டார் 1440 சுற்று ஓடினால், 150-க்கு 300 என்ற விகிதத்தில் ஹல்லர் 720 ஓட வேண்டும். ஒன்றிரண்டு சதவீதம் குறைவது எந்தப் பெல்ட்டிலும் இருக்கும். 705-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 680 என்று காட்டினால் ஐந்தரை சதவீதம் வழுக்குகிறது. அந்த வித்தியாசம் முழுவதும் புல்லியில் சூடாகிறது. மோட்டாரின் உண்மையான சுற்றையும் அளப்பது அவசியம். வோல்ட்டேஜ் இறங்கினால் மோட்டாரே மெதுவாகும். பழியைப் பெல்ட்டின்மேல் போட்டுவிடுவோம்.

நன்றாக டைட் செய்த வி-பெல்ட் 95 சதவீதம், அதற்கு மேலும் திறனைக் கடத்தும். கவனிக்காமல் விட்டால் அதில் சில சதவீதம் கழிந்துபோகும். நம் மோட்டாரில் 3 சதவீதம் வீணானால் மணிக்கு ஏறத்தாழ 0.33 யூனிட். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் சுமார் 1000 யூனிட். ஒரு செட் பெல்ட்டின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றிய பெல்ட்டைப் படியுங்கள்

கழற்றிய பெல்ட்டைக் குப்பையில் போடும் முன் வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் பாருங்கள். அது கெட்ட காரணம் அதிலேயே இருக்கும்.

- இரு பக்கச் சுவர்களும் பளபளத்து, ரப்பர் கெட்டிப்பட்டிருக்கிறது: வழுக்கல். டென்ஷன் குறைவு, அல்லது காடியில் எண்ணெய்.
- ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது: அலைன்மென்ட் தவறு.
- அடிப்பாகம் பளபளக்கிறது: காடியின் அடியைத் தொட்டு ஓடியிருக்கிறது. காடி தேய்ந்துவிட்டது, அல்லது சிறிய செக்‌ஷன் பெல்ட்டைப் பெரிய காடியில் போட்டிருக்கிறார்கள்.
- அடியில் குறுக்கு வெடிப்பு: அதிகச் சூடு, அல்லது அளவுக்கு மீறிச் சிறிய புல்லி. ‘பி’ செக்‌ஷனுக்கு 125 மி.மீ.க்குக் குறைவான புல்லி போடக் கூடாது. ‘ஏ’ செக்‌ஷனுக்கு 75 மி.மீ., ‘சி’ செக்‌ஷனுக்கு 200 மி.மீ.
- காடிக்குள் புரண்டு தலைகீழாகிவிட்டது: உள்ளே உள்ள இழுவைக் கயிறு ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. நெம்பி மாட்டியதால் இப்படி நேர்வது மிக அதிகம். அலைன்மென்ட் தவறும், காடியில் சிக்கிய கல்லும் பிற காரணங்கள்.
- வெட்டியதுபோல் நேராக அறுந்திருக்கிறது: திடீர் அதிர்ச்சி. ஹல்லரில் இரும்புத் துண்டு போய்ச் சிக்கினால் இப்படி ஆகும்.
- உப்பி, மெத்தென்று பிசுபிசுக்கிறது: எண்ணெய் அல்லது கிரீஸ். பேரிங்கின் சீல் கசிகிறதா என்று பாருங்கள்.
- முதுகுத் துணி உரிந்திருக்கிறது: கார்டிலோ அருகிலுள்ள ஏதோ பாகத்திலோ உரசுகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பெல்ட்டை மாட்டாதீர்கள்.

கழற்றுதலும் புல்லி சோதனையும்

மோட்டாரின் அடி போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். ஸ்லைடு ரெயிலின் இழுப்பு போல்ட்டைத் தளர்த்தி மோட்டாரை ஹல்லர் பக்கம் தள்ளுங்கள். பெல்ட் கையாலேயே வழுக்கி வெளியே வரும் அளவுக்குத் தள்ளுங்கள். திருப்புளியோ கம்பியோ தேவைப்படுகிறது என்றால் மோட்டார் இன்னும் போதுமான அளவு நகரவில்லை என்று பொருள்.

காடிகளில் தவிடும் உமித் தூசியும் ரப்பர் தூளும் சேர்ந்து இறுகியிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, இறுகியதை மரச் சீவலால் சுரண்டி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிறிதளவு கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, முற்றிலும் உலரவிடுங்கள். உப்புத்தாள் போட்டுக் காடியைத் தேய்க்காதீர்கள். அந்தக் கீறல்களே அடுத்த பெல்ட்டைத் தின்னும்.

அரிசி ஆலையில் காடி மற்ற இடங்களைவிட வேகமாகத் தேயும். உமியில் சிலிக்கா அதிகம். அந்தத் தூசி பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் புகுந்து வார்ப்பிரும்பையே அரம் போட்டதுபோல் அரைத்துவிடும். நேராக இருக்க வேண்டிய காடிச் சுவர் நடுவில் குழிந்துவிடுகிறது. சோதிக்கும் முறை எளிது. காடி கேஜ் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் அதே செக்‌ஷனில் புதுப் பெல்ட் துண்டையும் காடியில் வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். சுவருக்கும் துண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் குழிந்திருக்கிறது. குழிவு 0.8 மி.மீ.யைத் தாண்டினால் புல்லியை மாற்ற வேண்டும். தேய்ந்த காடியில் புதுப் பெல்ட் போடுவது பெல்ட்டுக்குக் கொடுத்த பணத்தை வீணாக்குவது.

புல்லியைக் கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். விளிம்பில் வெடிப்பு, உடைந்த பல் போன்ற சில்லு இருந்தால் அதைப் பற்றவைத்து ஓட்டாதீர்கள். நம் பெல்ட்டின் வேகமே நொடிக்கு 11 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் உடையும் வார்ப்பிரும்பைச் சாதாரணக் கார்டு தாங்காது. ஷாஃப்ட்டை மேலும் கீழும் தூக்கிப் பார்த்து பேரிங்கில் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவி தளர்ந்திருந்தால் இப்போதே புதிது போடுங்கள்.

டேப்பர் லாக் புஷ் உள்ள புல்லியானால் இரண்டு திருகுகளையும் கழற்றி, ஒன்றுக்கு எண்ணெய் தொட்டு, புல்லிப் பாதியில் புரி இல்லாமல் புஷ் பாதியில் மட்டும் புரி இருக்கும் தள்ளு துளையில் போட்டு முறுக்குங்கள். புஷ் தளர்ந்து வெளியே வரும். சுத்தியலால் புல்லியை அடித்துக் கழற்றுவது பேரிங்குக்குக் கேடு. திரும்பப் பொருத்தும்போது புஷ்ஷின் சாய்வு முகமும் புல்லியின் துளையும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே எண்ணெய் கூடாது. திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்குங்கள். 2012 எண் புஷ்ஷுக்கு 30 நியூட்டன் மீட்டர், 2517-க்கு 50 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். சிறிது ஓட்டிய பிறகு ஒருமுறை திரும்ப முறுக்குங்கள். காலியாக உள்ள துளையில் கிரீஸ் அடைத்துவிட்டால் தூசி புகாது.

நூல் பிடித்து அலைன்மென்ட்

அலைன்மென்ட் மூன்று விதமாகத் தவறும். இரண்டு புல்லிகளும் இணையாக இருந்தும் ஒன்று முன்னே, ஒன்று பின்னே நிற்பது ஒன்று. மேலிருந்து பார்க்கும்போது ஒரு ஷாஃப்ட் கோணலாக இருப்பது இரண்டாவது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது மோட்டார் தலை தூக்கியோ தாழ்ந்தோ இருப்பது மூன்றாவது.

முதல் இரண்டுக்கும் கெட்டியான நூல் போதும். மோட்டார் அருகில் இருப்பதால் நேரான சட்டமோ இரும்பு ஸ்கேலோ இன்னும் வசதி.

1. பெரிய புல்லியின் வெளி விளிம்பில் நூலைப் பிடித்து, அதன் முகத்தை ஒட்டிச் சிறிய புல்லியின் முகம்வரை இழுத்துப் பிடியுங்கள்.
2. பெரிய புல்லியில் இரண்டு விளிம்பு, சிறிய புல்லியில் இரண்டு விளிம்பு என நான்கு இடத்திலும் நூல் தொட வேண்டும்.
3. சிறிய புல்லியில் ஒரு விளிம்பைத் தொட்டு மறுவிளிம்பில் இடைவெளி இருந்தால் கோணல், மோட்டாரைத் திருப்புங்கள். இரு விளிம்பிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் விலகல். புல்லியையோ மோட்டாரையோ ஷாஃப்ட் திசையில் நகர்த்துங்கள்.
4. புல்லியைப் பாதிச் சுற்று சுற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். இடைவெளி மாறினால் புல்லியே ஆடுகிறது.

ஓர் எச்சரிக்கை. இரு புல்லியிலும் விளிம்பு முகத்திலிருந்து முதல் காடிவரையுள்ள தூரம் ஒன்றாக இருந்தால்தான் முகத்தை வைத்துப் பார்ப்பது சரி. வேறு வேறு கடையில் வாங்கிய புல்லிகளில் அது வேறுபடும். அப்போது அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தவறுக்கு, தூக்குக்குண்டைப் புல்லியின் முகத்தை ஒட்டித் தொங்கவிட்டோ, ஷாஃப்ட்டின்மேல் ரசமட்டம் வைத்தோ பாருங்கள். கோணல் இருந்தால் மோட்டாரின் பாதத்துக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். நாலு பாதமும் தளத்தில் அழுந்துகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பாதம் அந்தரத்தில் நின்றால் போல்ட்டை முறுக்கும்போது மோட்டார் உடல் வளைந்து, நீங்கள் பார்த்த அலைன்மென்ட் அத்தனையும் மாறிவிடும்.

வி-பெல்ட் அரை டிகிரி வரை தாங்கும். 600 மி.மீ. தூரத்தில் அது 5 மி.மீ. தாங்குகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது. நூலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் 1 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிடலாம்.

சரியான பெல்ட்டை வாங்குதல்

பெல்ட்டின் முதுகில் ‘பி 74’ என்று அச்சிட்டிருந்தால் ‘பி’ செக்‌ஷன், உள் நீளம் 74 அங்குலம். ‘ஏ’ பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ.; ‘பி’ 17-க்கு 11; ‘சி’ 22-க்கு 14. எழுத்து அழிந்திருந்தால் தேய்ந்த பெல்ட்டை அளந்து செக்‌ஷனை முடிவு செய்யாதீர்கள். காடியின் அகலத்தை அளவெடுங்கள்.

நீளம் தெரியாவிட்டால் கணக்குப் போடலாம். மைய தூரத்தின் இரு மடங்கு 1200 மி.மீ. இரு விட்டங்களின் கூட்டுத்தொகையை 1.57-ஆல் பெருக்கினால், 450 பெருக்கல் 1.57, ஏறத்தாழ 707. விட்டங்களின் வித்தியாசம் 150. அதன் வர்க்கத்தை மைய தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 9. மூன்றையும் கூட்டினால் 1916 மி.மீ. இது பிட்ச் நீளம். ‘பி’ செக்‌ஷனில் உள் நீளம் இதைவிட 43 மி.மீ. குறைவு, அதாவது 1873 மி.மீ.; அங்குலத்தில் 73.7. பக்கத்து அளவான ‘பி 74’ சரியாக இருக்கும். மீதியை ஸ்லைடு ரெயில் பார்த்துக்கொள்ளும்.

நான்கு பெல்ட்டில் ஒன்று அறுந்தால் நான்கையும் மாற்றுங்கள். பழையவை ஏற்கெனவே நீண்டிருக்கும். புதியது நீளாமல் இருக்கும். அந்த ஒன்றே முழு லோடையும் இழுத்து விரைவில் போய்விடும். அறுபடாத மூன்றைத் தனியே கட்டி அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகை, முடிந்தவரை ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும். பல் வெட்டிய பெல்ட் சுலபமாக வளையும்; குறைவாகச் சூடாகும்; மின்செலவும் சற்றுக் குறையும். மாற்றினால் செட்டாக மாற்றுங்கள். சாதாரணப் பெல்ட்டோடு கலந்து போடாதீர்கள்.

மாட்டுதலும் டென்ஷனும்

1. மோட்டாரை முன்னே தள்ளிய நிலையிலேயே நான்கு பெல்ட்டையும் கையால் அதனதன் காடியில் வையுங்கள்.
2. எல்லாப் பெல்ட்டின் தொய்வும் ஒரே பக்கம், மேல் பக்கமோ கீழ்ப் பக்கமோ, வருமாறு இழுத்துவிடுங்கள். ஒன்றின் தொய்வு மேலும் மற்றொன்றின் தொய்வு கீழும் இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.
3. இழுப்பு போல்ட்டைத் திருகி மோட்டாரைப் பின்னே இழுங்கள். இரு ரெயிலிலும் சமமாக இழுங்கள். ஒன்று மட்டும் இழுத்தால் அலைன்மென்ட் போய்விடும்.
4. புல்லியைக் கையால் மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். பெல்ட் காடியில் படிந்துகொள்ளும். மறுபடியும் இழுங்கள்.
5. டென்ஷனை அளவெடுங்கள்.

அளவெடுக்க ஒரு ஸ்பிரிங் தராசும் ஸ்கேலும் போதும். இரண்டு புல்லிகளிலும் பெல்ட் விலகும் இடங்களுக்கு நடுவே உள்ள நேர் நீளம்தான் ஸ்பான். நம் இயந்திரத்தில் அது ஏறத்தாழ 595 மி.மீ. ஒவ்வொரு 100 மி.மீ. ஸ்பானுக்கும் 1.6 மி.மீ. வளைய வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் நடுவில் 9.5 மி.மீ. வளைவு. பெல்ட்டின் நடுவில் தராசின் கொக்கியை மாட்டி, பெல்ட்டுக்கு நேர்குறுக்காக இழுங்கள். பக்கத்துப் பெல்ட்டின்மேல் ஸ்கேலை வைத்து 9.5 மி.மீ. வரும்போது தராசைப் படியுங்கள். இந்த அளவு புல்லியில் ஓடும் ‘பி’ பெல்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ காட்ட வேண்டும். ‘ஏ’ பெல்ட்டுக்கு 1 முதல் 1.5, ‘சி’ பெல்ட்டுக்கு 4 முதல் 6 கிலோ. நான்கு பெல்ட்டையும் தனித்தனியே பார்த்துச் சராசரி எடுங்கள். புதிய பெல்ட் ஓடும்போது தளரும் என்பதால் மேல் எல்லையான 3 கிலோவுக்கே வையுங்கள்.

தராசு இல்லாமல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. பழகிய ஃபிட்டரின் விரல் தவறுவது குறைவுதான். ஆனால் ஆளுக்கு ஆள் விரலின் பலம் மாறும்; பதிவேட்டில் விரலை எழுத முடியாது.

டென்ஷன் சரியானதும் அடி போல்ட்டுகளை இறுக்கி, அலைன்மென்டை மீண்டும் ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். போல்ட்டை இறுக்கும்போது மோட்டார் சற்று நகர்ந்திருக்கும். பிறகு கார்டை மாட்டிவிட்டு லோடு இல்லாமல் ஓட்டுங்கள்; பின்னர் லோடில் ஓட்டுங்கள். அரை மணி நேரம் கழித்து நிறுத்தி, ஃபியூஸ் கழற்றி, டென்ஷனைப் பாருங்கள். 24 முதல் 48 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் பாருங்கள். புதிய பெல்ட்டின் பெரும்பகுதித் தளர்வு இந்த முதல் இரண்டு நாளிலேயே நடந்துவிடும். இந்த ஒரு முறையைத் தவறவிட்டதால் கெட்ட பெல்ட்டுகளே அதிகம்.

அளவுக்கு மீறி டைட் செய்வதும் அதே அளவுக்குக் கேடு. பெல்ட் சூடாகும், மோட்டாரின் புல்லிப் பக்கத்து பேரிங் முதலில் சத்தமிடும். லோடில் வழுக்காமல் ஓடக்கூடிய டென்ஷன் அளவுகளில் குறைந்ததே சரியான டென்ஷன்.

செய்யக் கூடாதவை

வழுக்கும் பெல்ட்டில் பிசின் தூள், பெல்ட் மெழுகு, சோப்பு, தண்ணீர் எதையும் போடாதீர்கள். பிசின் சில மணி நேரம் பிடிக்கும். பிறகு தவிட்டையும் தூசியையும் இழுத்து வைத்துக்கொண்டு ரப்பரைக் கெடுக்கும். தட்டைத் தோல் பெல்ட் ஓடிய காலத்துப் பழக்கம் அது, வி-பெல்ட்டுக்குப் பொருந்தாது.

பெல்ட்டின் ஒரு பக்கத்தைப் புல்லியில் மாட்டி, மறுபக்கத்தைக் கம்பியால் நெம்பி, புல்லியைச் சுற்றி ஏற்றாதீர்கள். வெளியே எந்தக் காயமும் தெரியாது. உள்ளே கயிறு இரண்டு மூன்று அறுந்திருக்கும். விரலும் போகும்.

காற்றுப் புகாத தகரப் பெட்டியைக் கார்டாகப் போடாதீர்கள். வி-பெல்ட்டின் சூடு புல்லி வழியாகவும் காற்று வழியாகவும்தான் போக வேண்டும். பெல்ட்டின் உட்சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது பெல்ட் செய்பவர்களின் கணக்கு. விரல் புகாத வலைக் கம்பியில் செய்த கார்டுதான் நல்லது.

எப்போது எதைப் பார்ப்பது?

*தினமும்:* சத்தம், வாடை, துள்ளல், கார்டின் உறுதி.

*வாரம் ஒருமுறை:* நிறுத்திவிட்டுத் தூசி தட்டுதல், காடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தல். நிறுத்தி, ஃபியூஸ் கழற்றி, புல்லி முற்றிலும் நின்ற உடன் அதைப் புறங்கையால் தொடுங்கள்; சில நொடி கை வைக்க முடியாத சூடு இருந்தால் காரணம் தேடுங்கள்.

*மாதம் ஒருமுறை:* டென்ஷனை அளவெடுத்தல். அடி போல்ட், இழுப்பு போல்ட், டேப்பர் லாக் திருகுகளைச் சோதித்தல்.

*அறுவடைக் காலம் தொடங்கும் முன்:* பெல்ட்டைக் கழற்றிக் காடி, அலைன்மென்ட், பேரிங், சாவி அனைத்தையும் முழுமையாகப் பார்த்தல். சீசன் நடுவில் நின்றால் நெல் மூட்டைகள் வாசலில் குவிந்துவிடும்.

ஒரு நோட்டில் தேதி, பெல்ட் எண், கம்பெனி, மாட்டிய நாள், தராசின் அளவு, கழற்றிய காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே காரணம் இரண்டாவது முறை வந்தால் பெல்ட்டை விட்டுவிட்டு இயந்திரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஸ்பேர் செட்டைத் தகரக் கூரைக்கு அடியில் ஆணியில் தொங்கவிடாதீர்கள். ஆணி அழுந்திய இடத்தில் பெல்ட் மடிந்து போகும். கோடைச் சூட்டில் ரப்பர் காயும். வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் போகாத, ஈரமில்லாத அறையில், வளைத்து அழுத்தாமல் தட்டில் வையுங்கள். வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும். முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்துங்கள்.

இந்த வேலைக்கு வேண்டியவை ஒரு நூல், ஒரு ஸ்கேல், ஒரு ஸ்பிரிங் தராசு, ஒரு டார்ச், இரண்டு ஸ்பேனர், ஒரு நோட்டு. இவை எந்த ஆலையிலும் கிடைக்கும். புதுப் பெல்ட் மாட்டிய மறுநாள் ஹல்லரை நிறுத்தி ஒருமுறை டென்ஷன் பார்க்கும் பழக்கத்தை மட்டும் இன்றே தொடங்கிவிடுங்கள். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.